லங்காவியில் மழைக்காலம்: நங்கூரமா, கரையா, மரீனாவா?

மலாக்கா நீரிணையின் வடக்கு வாயிலில் இருக்கிறது லங்காவி. பாய்மரப் படகில் ஊர் ஊராகப் போகிறவர்கள் கச்சான் (தென்மேற்கு) காற்று வீசும் மாதங்களில் இங்கே ஒதுங்குவது வழக்கம். மே தொடங்கி அக்டோபர், நவம்பர் வரை மழை. டிசம்பரில் வாடை நிலைத்ததும் வானம் வெளுக்கும், வடக்கே புக்கெட்டுக்கோ மேற்கே அந்தமான் பக்கமோ கிளம்பலாம். தீவு கெடா மாநிலத்தைச் சேர்ந்தது, அதாவது நம் பழைய கடாரம். காற்றுத் திரும்பட்டும் என்று தமிழ்நாட்டுக் கப்பல்களும் காத்துக் கிடந்த கடற்கரை. அந்த மாலுமிகளுக்கு ஏ.சி. பிரச்சினை இல்லை.

இன்று காத்திருக்க மூன்று வழி உண்டு: விரிகுடாவில் நங்கூரம் போட்டுக் கிடப்பது, படகைத் தூக்கிக் கரையில் ஏற்றிவிடுவது, மரீனாவில், அதாவது படகு நிறுத்தும் துறையில், மாத வாடகைக்கு இடம் பிடித்துக் கட்டி வைப்பது. பெரும்பாலோர் வாடகைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டிய தாள். இந்த ஐந்தாறு மாதமும் படகில் ஆள் இருக்குமா? இருந்தால், இரவில் ஏ.சி. இல்லாமல் தூங்குவாரா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மூன்றில் ஒன்று தானாகவே கழன்றுவிடும். மீதி இரண்டில் எதை முதலில் செய்வது என்பதில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும்.

கீழே வரும் அளவுகள் 11–12 மீட்டர் நீளமுள்ள, ஒற்றை உடல் ஃபைபர் படகுக்கும் அதில் குடியிருக்கும் இரண்டு பேருக்கும் பொருந்தும்.

நங்கூரம்: வாடகை இல்லை, விடுப்பும் இல்லை

குவா நகரின் முன்னால், செனாங் கடற்கரைக்கு வெளியே, தெற்கே டாயாங் புந்திங் தீவுப் பக்கம் என்று லங்காவியைச் சுற்றி நல்ல இடங்கள் நிறைய. அடியில் சேறு, நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். வற்றத்துக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 3 மீட்டர் வரை போகும் என்பதைக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. வற்றத்தில் ஆழம் 4 மீட்டர், பெருக்கு 3, நீரிலிருந்து படகின் அணியம் (முன்முனை) வரை 1, மொத்தம் 8. அதற்கு ஐந்து மடங்கு, 40 மீட்டர் சங்கிலி. கருவியில் தெரிகிற 4 மீட்டரை மட்டும் வைத்து 20 மீட்டர் விட்டவரின் படகு ஆறு மணி நேரம் கழித்து நகரத் தொடங்கும்.

உண்மையான சோதனை விடியற்காலையில் வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ரா தீவின் மேல் இரவில் திரளும் இடிமேகக் கூட்டம் நீரிணையைத் தாண்டி வந்து அடிக்கும். மாலுமிகள் அதையே 'சுமத்ராஸ்' என்கிறார்கள். பத்து நிமிடத்தில் காற்றின் வேகம் 40 நாட் (மணிக்கு சுமார் 75 கி.மீ.) தாண்டும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதற்குள் பக்கத்துப் படகு நங்கூரம் பிடுங்கி உங்கள் மேல் வந்தால் ஃபெண்டரோடு (மோதலைத் தாங்கும் மெத்தை) நிற்க ஒரு ஆள் வேண்டும். ஆகவே படகை நங்கூரத்தில் விட்டுவிட்டு ஊருக்குப் போவது சரிவராது. அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வதாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அவர்கள் தங்கள் படகைத்தான் பார்ப்பார்கள்.

மின்சாரக் கணக்கும் இங்கே உதைக்கும். 400 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில் நாளுக்கு 1.6 யூனிட் தரும். மூடிய வானத்தில் பாதி கிடைத்தால் பெரிது. ஃபிரிட்ஜ், விளக்கு, விசிறி, போன் எல்லாவற்றுக்கும் அது எப்படியோ போதும். ஒரு சின்ன ஏ.சி. ஒரு இரவுக்கு 5 யூனிட் தின்னும். ஆனால் நங்கூரத்தில் எப்போதும் காற்று முகத்தில் அடிக்கும் என்பதால், மேல்கதவுக்குத் துணிப் புனல் ஒன்று கட்டிவிட்டால் பலருக்கு ஏ.சி. வேண்டியிருக்காது. இது நங்கூரத்தின் பெரிய வரம். மரீனாவுக்குள் போன பிறகுதான் அருமை தெரியும்.

கரை: ஆள் இல்லாத படகுக்கு

ஆறு வாரத்துக்கு மேல் படகில் யாரும் இருக்கப்போவதில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், தூக்கி வைத்துவிடுங்கள். தண்ணீரில் இல்லாத படகு மூழ்காது. லங்காவியில் ரெபாக் தீவு மரீனாவில் படகைத் தூக்கி நகர்த்தும் டிராவல் லிஃப்ட்டும் படகுகளை நிறுத்தும் திடலும் இருக்கின்றன.

கரையில் படகின் முழு எடையும் கீலில் (படகின் அடியில் நடுவே நீண்டிருக்கும் பகுதி) உட்கார வேண்டும். பக்கத்து முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டும்தான். பக்கத்துக்கு மூன்று முட்டாவது வேண்டும். எதிரெதிர் முட்டுகளைப் படகின் அடிவழியே சங்கிலியால் பிணைக்க வேண்டும். தரை மண் என்றால் ஒவ்வொரு முட்டின் காலடியிலும் ஒட்டுப்பலகை போட வேண்டும். இரண்டு மாத மழையில் மண் இளகி ஒரு கால் இறங்கினால் போதும். எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாயின் கயிற்றைக் கைக்கு வாட்டமாக முட்டுக்காலில் முடிவது. காற்றில் தார்ப்பாய் உதறும்போது அது முட்டையே உருவிவிடும். கயிற்றைப் படகிலேயே கட்டுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய கேன்களில் கட்டுங்கள்.

ஆளில்லாப் படகைக் கரையில் கெடுப்பது கடல் நீரல்ல, மழை நீர். பின்தளத்து வடிகால் துளையில் நாலு இலை அடைத்தால் ஒரே இரவில் தொட்டிபோல் நிரம்பி, வாசற்படி தாண்டி அறைக்குள் இறங்கும். பாய்களைக் கழற்றி மடித்து உள்ளே வையுங்கள். சுருட்டிய முன்பாயை அப்படியே விட்டால் சூறையில் பிரிந்து கிழிவதோடு நிற்காது, படகையே உலுக்கும். வாரம் ஒரு முறை வந்து வடிகால், பில்ஜ் (நீர் தேங்கும் அடிக்குழி), முட்டுகள் மூன்றையும் பார்க்க ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவது நல்லது.

கரையில் ஏற்றிய படகில் குடியிருப்பது வேறு கதை. சுற்றி நீர் இல்லாததால் உள்ளே அடுப்புபோல் கொதிக்கும். கடல் நீரால் குளிரூட்டப்படும் ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் ஓடாது. பாத்திரம் கழுவிய நீரை வாளியில் பிடித்து இறக்க வேண்டும். இரவில் கழிப்பறை என்றால் 3 மீட்டர் ஏணி, மழையில் வழுக்கும் ஏணி. பத்து நாள், பதினைந்து நாள் வேலைக்காகத் தாங்கலாம். ஐந்து மாதம் வேண்டாம்.

மரீனா: எந்த மரீனா?

ரெபாக் தனித் தீவு. குறுகிய கால்வாய் வழியே உள்ளே போனால் குளம்போல் அசையாத நீர். பாதுகாப்பு அதிகம், காற்று குறைவு. காய்கறிக்கும் படகேறிப் பெரிய தீவுக்குப் போக வேண்டும். தெலாகா வடமேற்கில், கேபிள் கார் மலையின் அடியில். நடக்கும் தூரத்தில் உணவகங்கள், டீசலும் கிடைக்கும். குவாவில் இருக்கும் ராயல் லங்காவி யாட் கிளப் ஊருக்குப் பக்கம். இறங்கி நடந்தால் கடைத்தெரு. அதே பக்கத்தில் ஃபெர்ரித் துறையும் இருப்பதால் நாள் முழுக்க அலை வந்து உலுக்கும். கட்டுக் கயிறு சீக்கிரம் தேயும். வேலை செய்ய வந்தவருக்கு ரெபாக், ஊரில் புழங்க வேண்டியவருக்கு குவா, இரண்டும் கொஞ்சம் வேண்டுமென்றால் தெலாகா என்பது எங்கள் கணிப்பு. எந்த மரீனாவும் எல்லாவற்றிலிருந்தும் காக்காது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் ரெபாக், தெலாகா இரண்டிலும் படகுகளைக் கட்டும் மிதவை மேடைகள் பிய்ந்தன. காப்பீட்டுத் தாளைக் கட்டி வைப்பதற்கு முன் படியுங்கள், பின் அல்ல.

இனி மின்சாரம். மரீனா வாழ்க்கையின் சுகமும் தொல்லையும் ஒரே கம்பி வழியாகத்தான் வருகின்றன.

மேடைக் கம்பத்தில் கிடைப்பது 230–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 16 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் சுமார் 3.7 கிலோவாட். ஏ.சி. 0.8, வெந்நீர்க் கலன் 1.2, பேட்டரி சார்ஜர் 0.5, அதோடு 2 கிலோவாட் கெட்டிலையும் தட்டினால் பிரேக்கர் விழும். விழுவது நல்லது. விழாமல், பிளக்குக்குள் தளர்ந்த பின் ஒன்று சூடேறிக் கருகுவதுதான் ஆபத்து. மரீனா தீ விபத்துகளில் அடிக்கடி காணப்படும் காரணம் அது. ஏ.சி. ஓடத் தொடங்கி அரை மணி கழித்து பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் பிரேக்கரை அணைத்து பிளக்கை மாற்றுங்கள். தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் போடுவது பலன் தராது. கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மிச்சத்தை வளையமாகச் சுற்றி வைத்தால் சூடு வெளியேறாது, எட்டுப்போல் தளர்த்திப் போடுங்கள். இணைக்கும்போது முதலில் படகுப் பக்கம், பிறகு கம்பம், கடைசியில் சுவிட்ச். கழற்றும்போது தலைகீழ். இந்த வரிசை மாறினால், கையில் உயிருள்ள கம்பி முனையுடன் தண்ணீரின் மேல் நிற்பீர்கள்.

அமெரிக்கப் படகு வாங்கியவர்கள் கவனிக்க: டிரான்ஸ்ஃபார்மர் 240 வோல்ட்டை 120 ஆக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. பழைய மைக்ரோவேவும் ஏ.சி. கம்ப்ரசரும் அதில் சூடேறிச் சாகும். எந்த வோல்ட்டையும் ஏற்கும் சார்ஜர் ஒன்றை மட்டும் மேடையோடு இணைத்து, மற்றதெல்லாம் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓடட்டும். ஏ.சி.க்கு உள்ளூர் 240 வோல்ட் பெட்டி, தனிக் கேபிள், 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான். சுத்தமான, மலிவான ஏற்பாடு.

அடுத்து ஜிங்க், அதாவது மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகப் படகின் அடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டி. மேடைக் கேபிளின் பச்சை எர்த் கம்பி உங்கள் படகையும் அண்டைப் படகுகளையும் ஒரே மின்கலமாக ஆக்கிவிடுகிறது. பக்கத்தில் இரும்புப் படகு ஒன்று ஜிங்க் தேய்ந்து நின்றால், அதைக் காக்க உங்கள் துத்தநாகக் கட்டி கரையும். வழக்கமாக ஒரு வருடம் வரும் கட்டி இரண்டு மாதத்தில் காணாமல் போகும். அதன் பிறகு சுழலியின் (புரொப்பெல்லர்) வெண்கலத்திலுள்ள துத்தநாகம் கரைந்து, உலோகம் செம்பு நிறத்தில் நுரைபோல் உதிரும். சிலர் இதற்குப் பயந்து எர்த் கம்பியை வெட்டிவிடுகிறார்கள். ஜிங்க் பிழைக்கும், ஆள் பிழைப்பது சந்தேகம். சரியான மருந்து கேல்வானிக் ஐசோலேட்டர்: எர்த் கம்பியில் தொடராகப் பொருத்தினால் சுமார் 1.2 வோல்ட் வரையிலான நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும், பழுது மின்சாரத்தை விட்டுவிடும். அலுமினியப் படகுக்கு இது போதாது. ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மேடையில் செருகவே கூடாது. சரிபார்க்க வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனை ஒன்றும் மல்டிமீட்டரும் போதும். மின்முனையை நீரில் தொங்கவிட்டு அடிப்பகுதி உலோகத்தோடு அளந்தால், ஃபைபர் படகில் மைனஸ் 550 முதல் 1100 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கேபிளைச் செருகியும் கழற்றியும் இரண்டு முறை அளவெடுங்கள். செருகியதும் எண் சுழியம் பக்கம் நகர்ந்தால் திருட்டு மேடை வழியாக நடக்கிறது.

ஏ.சி.யில் எது? கடல் நீரில் இயங்கும் மரைன் ஏ.சி. ஓசையில்லாதது, அழகானது. ஆனால் அசையாத மரீனா நீரில் அதன் உறிஞ்சு குழாய்க்குள் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டுயிரி) வளர்ந்து ஒரு மாதத்தில் நீர்வரத்து சுருங்கிவிடும். கரையில் ஏற்றினால் ஓடவே ஓடாது. முன்தள மேல்கதவின் மேல் ஒட்டுப்பலகைப் பெட்டி செய்து, ஸ்பாஞ்ச் ஒட்டி உட்கார வைக்கும் 9,000 பி.டி.யு. ஜன்னல் ஏ.சி. பார்க்க அசிங்கம். வேலை நடக்கும், கிளம்பும்போது யாருக்காவது விற்றுவிடலாம். அதன் கழிவு நீர் தளத்தில் வழியும் இடத்தை மட்டும் குழாயால் திருப்பி விடுங்கள். அதன் மேலும் அறைக் கூரைக்கு மேலும் ஒரு சாண் இடைவெளி விட்டு வெள்ளைத் துணிப் பந்தல் போட்டால் கம்ப்ரசர் பாதி நேரம் ஓய்வெடுக்கும்.

ஏ.சி. இல்லாத நாட்களில் பூசணம் வரும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் மெத்தையின் அடியிலும், அலமாரியில் தொங்கும் துணியிலும் ஒரு வாரத்தில் சாம்பல் பூத்துவிடும். ஈரம் உறிஞ்சும் மின்கருவி 250 வாட் அளவில் ஓடும். அதன் நீரைச் சமையல் தொட்டியில் விடுங்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்தே வையுங்கள், மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், சுவரை வினிகரால் துடையுங்கள்.

தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதென்று அதை நேரடியாகப் படகின் குழாயோடு இணைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே ஒரு இணைப்பு கழன்றால் நகரத்துக் குழாய் நிற்காமல் ஊற்றும். படகு கட்டிய இடத்திலேயே மூழ்கும். தொட்டியை நிரப்புங்கள், குழாயை மூடுங்கள். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் சூடான நீரைத் தளம் கழுவ விடுங்கள். கடல் நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை மரீனாவில் ஓட்ட வேண்டாம், எண்ணெய்ப் படலம் சவ்வைக் கெடுக்கும். குழாய் நீரால் அதைக் கழுவுவதாக இருந்தால் நடுவே கரி வடிகட்டி கட்டாயம், ஏனென்றால் குளோரினும் சவ்வுக்கு எமன். ஒரு வாரத்துக்கு மேல் சும்மா கிடக்குமென்றால் தயாரிப்பாளர் சொன்ன மருந்து நீரை ஏற்றி மூடிவிடுங்கள். கழிப்பறை விஷயத்தில் ஒரே வரி: பகலில் மரீனா கழிப்பறைக்கு நடங்கள், 60 லிட்டர் கழிவுத் தொட்டி இரண்டு பேருக்கு நாலு நாள்தான் தாங்கும், அதை மரீனாவுக்குள் திறக்கக் கூடாது.

கட்டுக் கயிறு: அணியத்தில் இரண்டு, பின்பக்கம் இரண்டு, முன்பின் ஓட்டத்தைத் தடுக்கும் ஸ்பிரிங் இரண்டு. 16 மில்லிமீட்டர் நைலான் நன்று, இழுபட்டுக் கொடுக்கும். பாலியஸ்டர் விறைப்பு, கிளீட்டை (கயிறு கட்டும் கொம்பு) பிடுங்கும். மிதவை மேடை நீரோடு ஏறி இறங்குவதால் வற்றத்துக்குத் தளர்த்த வேண்டியதில்லை. கயிறு உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாயை நறுக்கி உறையாகப் போடுங்கள். அதே கயிறுதான் எறும்புக்கும் எலிக்கும் பாலம். பெரிய பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டிக் கயிற்றில் கோத்தால் எலி வழுக்கி விழும். கரப்பான் கயிற்றில் வருவதைவிட அட்டைப்பெட்டியில் முட்டையாக வருவதே அதிகம். கடைச் சாமானை மேடையிலேயே பிரித்து அட்டையைக் குப்பையில் போட்டுவிடுங்கள். வந்துவிட்டதென்றால் போரிக் பவுடரைக் கண்டென்ஸ்டு மில்க்கில் பிசைந்து சிறு உருண்டைகளாக அலமாரி மூலைகளில் வையுங்கள். வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் மூடிக்குத் துளை போட்ட டப்பாவுக்குள் வையுங்கள்.

எதை முதலில்?

இதுவரை படித்தவர் மரீனா பக்கம் சாய்ந்திருப்பார். குடியிருப்பவருக்கு அதுதான் சரி. ஆனால் படகின் அடிப்பெயின்ட் பழசாகிவிட்டது என்று வந்ததுமே ஜூனில் தூக்கி, பெயின்ட் அடித்து இறக்கி, பிறகு ஐந்து மாதம் கட்டி வைப்பதைப் பலர் செய்கிறார்கள். அதில் இரண்டு தவறு. மழையில் நனைந்த உடலில் பெயின்ட் ஒட்டாது. ஒரு நாள் வேலைக்கு நாலு நாள் வாடகை கொடுக்க நேரும். அதோடு, கரையும் வகை ஆன்ட்டிஃபௌலிங் (உயிரினம் ஒட்டாமல் தடுக்கும்) பெயின்ட் படகு ஓடும்போதுதான் மேல்தோல் உரிந்து புது மருந்தைக் காட்டும். அசையாத வெதுவெதுப்பான நீரில் அதன் மேல் வழவழப்பு படிந்து, அதன் மேல் கொட்டலசு ஏறும். புதுப் பெயின்ட்டின் முதல் ஐந்து மாதத்தைக் கட்டிய இடத்தில் தொலைத்துவிட்டு, பயணத்துக்குத் தேய்ந்த பெயின்ட்டோடு கிளம்புவதாக முடியும்.

ஆகவே பழைய பெயின்ட்டோடு ஜூனில் மரீனாவுக்குள் போங்கள். அடியில் வளர்வது வளரட்டும். நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பர் தொடக்கத்தில், மழை விட்டதும் தூக்குங்கள். பத்துப் பதினைந்து நாள் போதும்: அழுத்த நீரில் கழுவுவது, அடி வால்வுகளைப் பிரித்துக் கிரீஸ் இடுவது, ஜிங்க் மாற்றுவது, இரண்டு பூச்சு பெயின்ட். இரண்டுக்கும் சேர்த்து 6 லிட்டர். நீர்க்கோட்டிலும் சுக்கான், கீலின் முன்விளிம்பிலும் மூன்றாவது பூச்சுக்கு இன்னும் ஒன்றரை லிட்டர். இறக்கிய உடனே கிளம்பலாம். வாடை தொடங்கும்போது எல்லாருக்கும் இதே எண்ணம் வருமென்பதால் லிஃப்ட்டுக்கு இரண்டு மாதம் முன்பே நாள் குறியுங்கள். ஆழமான கீல் என்றால் பெருக்கு உச்சத்துக்கு வரும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இடையில் ஊருக்குப் போக வேண்டியவருக்கு மட்டும் வரிசை மாறும்: முதலில் கரை, திரும்பி வந்து கிளம்பும் முன் பெயின்ட்.

நங்கூரமே போதுமென்பவர்களுக்கும், கிளம்பும் முன் இந்தப் பதினைந்து நாள் வேண்டும்.

மரீனாவில் கட்டிக் கிடக்கும் மாதங்களில் எஞ்சினை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இருபது நிமிடம், மெதுவாக கியரில் போட்டு ஓட்டுங்கள். வெளியேறும் குளிர்நீரின் அளவைப் பாருங்கள். குறைந்தால் உறிஞ்சு வாயில் கொட்டலசு. இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் சுழலியைத் தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் பையால் மூடி இறுகக் கட்டுவது நல்ல தந்திரம்; வெளிச்சமும் புது நீரும் போகாததால் எதுவும் வளராது. நீரில் இறங்கும் முன் மேடை மின்சாரத்தை அணைத்து, அண்டைப் படகிலும் சொல்லிவிடுங்கள். பை கட்டியதும் எஞ்சின் சாவியைக் கழற்றி, 'பை இருக்கிறது' என்று எழுதிய அட்டையோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுங்கள்.